தானாகப் பெருக்கிய துடைப்பம்

வெகு வெகு காலத்துக்கு முன்னால், நிலா இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் தாழ்வாகத் தொங்கிக்கொண்டிருந்த நாளில், ஆம்பல்நாடு என்றொரு நாடு இருந்தது. நாட்டின் நடுவில் ஓர் ஏரி. ஏரியின் மேல் எப்போதும் மெல்லிய பனி. அந்தப் பனிக்குள் யாரையாவது கூப்பிட்டால் குரல் நேராகப் போய்ச் சேராது. சற்று மிதக்கும், அங்கே இங்கே பராக்குப் பார்க்கும், அப்புறம்தான் எதிராளியின் காதுக்குப் போகும். பதிலும் அதே மாதிரி ஆடி அசைந்து வரும். அதனால் ஏரியில் வேலை செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு, பதில் வரும்வரை துடுப்பைக்கூட அசைக்காமல் காத்திருப்பார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்கு வேண்டியிருக்கும்.

ஏரிக்கு இந்தப் பக்கம் மேட்டுத்தெரு. அந்தப் பக்கம் கோரைக்கரை. கோரைக்கரைக்காரர்கள் கோரை அறுத்துப் பாய் நெய்வார்கள். மேட்டுத்தெருக்காரர்கள் அந்தப் பாயை விரித்துச் சுகமாகப் படுத்து உறங்குவார்கள். ஆனால் பாய் நெய்தவர்களோடு ஒரே பாயில் உட்கார மட்டும் மாட்டார்கள். இது என்ன நியாயமோ, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. உங்களுக்குப் பிடிபட்டால் சொல்லி அனுப்புங்கள்.

அந்த நாட்டுக்கு நெடுமுடி ராஜா என்று ஒரு ராஜா. நல்ல மனசு, கூடவே நல்ல தூக்கம். அவர் ஒருநாள் விழித்திருந்தபோது ஏரித்தீவில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். நாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அங்கே வந்துவிட வேண்டும் என்று ஆணை போட்டார். மேட்டுத்தெருவில் முணுமுணுப்பு கிளம்பியது. எல்லாரும் என்றால் கோரைக்கரையுமா? நம் பிள்ளை பக்கத்திலா?

அப்போது எங்கிருந்தோ ஒரு வாத்தியார் வந்து சேர்ந்தார். ஒல்லி உடம்பு, உயரத் தலைப்பாகை, கையில் ஒரு மைனா. அவர் பெயர் என்ன என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் முதலில் ‘உஷ்’ என்றுதான் வரும். ஆகவே பிள்ளைகள் அவருக்கு உஷ் வாத்தியார் என்று பெயர் வைத்தார்கள். அவர் ஒரு மந்திரவாதி. அதையும் யாரும் கேட்கவில்லை.

மேட்டுத்தெருப் பெரியவர்களைக் கூப்பிட்டு அவர் மெல்லச் சொன்னார்: “உஷ். எல்லாப் பிள்ளைகளும் வருவார்கள். ராஜாவின் ஆணை நிறைவேறும். ஆனால் கண்ணில் படாத ஒன்று உங்கள் மனத்தை உறுத்தாது, இல்லையா?”

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எப்படி என்று கேட்க அவர்களுக்கு விருப்பம் இல்லை. தலையை மட்டும் ஆட்டினார்கள்.

கோரைக்கரையில் மருதி, தும்பை என்று அக்கா தங்கை இருந்தார்கள். தும்பை சின்னவள், இடதுகைக்காரி, வாய் ஓயாதவள். தூக்கத்தில்கூடப் பேசுவாள், நடுவில் சிரிக்கவும் செய்வாள். பள்ளி திறந்தபோது மருதிக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாள். அதனால் தும்பை தனியாகத்தான் படகேறினாள்.

முதல் நாள் சாயங்காலம் அவள் ஓடிவந்து அக்காவிடம் எல்லாக் கதையையும் கொட்டினாள். அங்கே ஒரு மைனா இருக்கிறதாம், அதுதான் சட்டாம்பிள்ளையாம். காலையில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுமாம். கூப்பிட்டதும் பிள்ளைகள் எழுந்து ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்ல வேண்டுமாம். அந்த வார்த்தை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. படகில் வரும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

“என் பேர இன்னும் கூப்பிடல அக்கா. நாளைக்குக் கூப்பிடுவாங்களாம். அதுவரைக்கும் வாத்தியார் பெருக்கச் சொன்னார்.”

நாளைக்குக் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் கூப்பிடவில்லை. வாத்தியார் அவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்து, “கையைக் கட்டு, வாயைப் பொத்து, உஷ்” என்று மூன்று கட்டளை சொல்லுவார். கையைக் கட்டிக்கொண்டு எப்படிப் பெருக்குவது என்று தும்பை கேட்டாளாம். அதற்கும் அதே பதில்தான்.

முதலில் தும்பையின் நிழல் வெளுத்தது. பிறகு தும்பையே வெளுத்தாள், மழையில் நனைந்த கோலம் மாதிரி. பிறகு குரல் போயிற்று. ஒரு சாயங்காலம் படகிலிருந்து யாரும் இறங்கவில்லை, ஈரக் காலடி மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து வந்து வாசலில் நின்றது.

அம்மா அலறவில்லை. அலறினால் பிள்ளை பயந்துவிடுமே என்று அடக்கிக்கொண்டாள். தட்டில் சோறு போட்டு வைத்தாள். சோறு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, இன்றைக்கு மீன் வாங்கவில்லை, நாளைக்கு வாங்கித் தருகிறேன் என்று காலியிடத்தோடு பேசினாள். அப்படியே கோரைக்கரையில் வீட்டுக்கு வீடு சோறு தானாகக் குறைந்தது. விசாரிக்கப் போன அப்பாக்களுக்கு, பிள்ளைகள் ஒழுங்காகத்தான் வருகிறார்கள் என்று பதில் வந்தது. ராஜாவின் ஆணை, அனுப்பாமல் இருக்கவும் முடியாது. நாலு எழுத்து படித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவர்களும் இருந்தார்கள்.

ஆனால் மருதி படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். காலடியின் ஈரமும் நாளுக்கு நாள் மங்கிவந்தது. அதுவும் போய்விட்டால் தும்பை என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதற்கு உலகத்தில் ஒரு அடையாளமும் மிச்சமிருக்காது.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விட்ட மறுநாளே மருதி படகேறினாள்.

பள்ளிக்கூடம் பார்க்கக் கனவு மாதிரி இருந்தது. பனி சன்னல் வழியாக உள்ளே வந்து தூண்களைச் சுற்றிக்கொண்டு நின்றது. மேட்டுத்தெருப் பிள்ளைகள் பாய் பாயாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே, கயிறு கட்டிய பெரிய துணி விசிறி தானாக ஆடியது. தண்ணீர்க் குடம் தானாக மிதந்து வந்து பிள்ளைகளின் குவளையை நிரப்பியது. ஈரத்துணி தானாகப் பலகைகளைத் துடைத்தது. ஒரு துடைப்பம் தானாகத் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்து மகிழ்ந்தார்கள். எவ்வளவு அழகான மந்திரம்!

மருதி துடைப்பத்தையே பார்த்தாள். அது இடமிருந்து வலமாகப் பெருக்கியது. மூலைக்குப் போனதும் இடது பக்கமே திரும்பியது. அது இடதுகைக்காரியின் துடைப்பம்.

மைனா பெயர் கூப்பிடத் தொடங்கியது. வடிவு. உள்ளேன் ஐயா. இன்பன். உள்ளேன் ஐயா. ஒரு மூச்சு, ஒரு பெயர், ஒரு பதில். பதில் சொன்ன ஒவ்வொரு பிள்ளையின் நிழலும் தரையில் பளிச்சென்று கறுத்து விழுந்தது. கோரைக்கரைப் பெயர் ஒன்றுகூட வரவில்லை. எல்லாம் முடிந்ததும் உஷ் வாத்தியார் மருதியிடம் வந்து ஒரு ஈரத்துணியை நீட்டினார்.

“கையைக் கட்டு, வாயைப் பொத்து, உஷ்.”

துணியைத் தொட்டதும் மருதியின் விரல் நுனிகள் வெளுத்தன. அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. வேலை கண்ணுக்குத் தெரியும், வேலை செய்கிற பிள்ளை தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிடாத பிள்ளைகளை அந்தப் பள்ளிக்கூடம் அப்படியே விழுங்கிவிடும்.

தங்கையின் பெயரை எப்படியாவது கூப்பிட வைத்துவிட வேண்டும் என்று மருதி முடிவு செய்தாள். முதலில் வாத்தியாரிடமே போய்க் கேட்டாள். அவர் கோபப்படவே இல்லை. எல்லாரும் வர வேண்டும் என்பதுதான் ஆணை, எல்லாரும் வந்திருக்கிறார்கள், ஆணையில் பெயரைக் கூப்பிடு என்று எங்கே இருக்கிறது என்று சிரித்தபடி கேட்டார். அப்புறம் ஒரு உஷ். மருதியின் கை மணிக்கட்டுவரை வெளுத்தது.

அடுத்து ராஜாவிடம் போனாள். ராஜா தன் படகில் சாய்ந்து பனியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மருதி படபடவென்று எல்லாவற்றையும் சொன்னாள். ராஜா அன்போடுதான் கேட்டார். கேட்டுவிட்டு, தானாகப் பெருக்குகிற துடைப்பம் வேறு எந்த நாட்டிலும் இல்லை என்றார். திருவிழாவன்று பள்ளிக்கு வந்து ஊரோடு உட்கார்ந்து பார்க்கப் போவதாகவும் சொன்னார்.

“கோரைக்கரைப் பிள்ளைகளுக்கு ஏதாவது குறை இருந்தால் என்னிடம் வந்து சொல்லியிருப்பார்களே அம்மா. இதுவரை ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே?”

வாயைப் பொத்திவிட்டு, ஏன் பேசவில்லை என்று கேட்கிறார். மருதிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் ராஜா தூங்கிப்போனார். அவள் கை முழங்கைவரை வெளுத்தது.

கடைசியில் மைனாவிடம் போனாள். பழுத்த அத்திப்பழமாகப் பார்த்துப் பறித்துக்கொண்டு போனாள். மைனாவுக்கு ஒரு வஞ்சகமும் தெரியாது, சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும், அவ்வளவுதான். பழத்தைத் தின்றுகொண்டே அது ‘தும்பை’ என்ற பெயரைக் கற்றுக்கொண்டது. நாளைக்குக் கட்டாயம் கூப்பிடுகிறேன் என்றது.

“ஆனா ஒண்ணு மருதி. கூப்பிடத்தான் எனக்குத் தெரியும். காத்திருக்க யாரும் எனக்குச் சொல்லித் தரல.”

மருதி அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. அவள் மனம் முழுக்க நாளைக் காலையில் இருந்தது.

காலை வந்தது. வடிவு. உள்ளேன் ஐயா. இன்பன். உள்ளேன் ஐயா. தும்பை.

துடைப்பம் சட்டென்று நின்றது. மருதி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சொல்லுடி, சொல்லு என்று மனசுக்குள் கெஞ்சினாள். பதில் இல்லை. மைனா அடுத்த பெயருக்கு அலகைத் திறந்துவிட்டது. இந்த நேரம் போனால் இனி வருமோ வராதோ என்ற பயத்தில் மருதி எழுந்து நின்று தானே சொல்லிவிட்டாள்.

“உள்ளேன் ஐயா.”

துடைப்பம் கீழே விழுந்தது.

மருதியின் கைக்கு நிறம் திரும்பியது. அவள் காலடியில் நிழல் கறுத்து விழுந்தது. ஒன்றல்ல, இரண்டு நிழல். உஷ் வாத்தியார் அதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தார். வெகு நல்லது, இனி உன் பெயர் தும்பை, பாயில் உட்கார்ந்து படி என்றார். கோரைக்கரையிலிருந்தும் ஒருத்தி உட்கார்ந்து படிக்கிறாள், இனி யார் வாய் திறந்து குறை சொல்ல முடியும் என்றும் சொல்லிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வாசலுக்குக் காலடி வரவில்லை. அம்மா போட்டு வைத்த சோறு குறையவில்லை. அம்மா தட்டையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் மருதியைப் பார்த்து, நீ சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் மருதியால் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு மருதி பாயில் உட்கார்ந்து படித்தாள். எழுத்துகள் நன்றாகவே வந்தன. அதுதான் இன்னும் வலித்தது. தங்கையின் பெயரில் தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒவ்வொரு எழுத்தும் சொல்லிக் காட்டியது. பக்கத்தில் மேட்டுத்தெரு வடிவு உட்கார்ந்திருந்தாள். பருப்புக் கடைக்காரர் மகள், கண்ணில் எதுவும் தப்பாது.

“உனக்கு மட்டும் ஏன் ரெண்டு நெழலு?”

மருதி குனிந்து பார்த்தாள். ஒரு நிழல் அவள் மாதிரியே எழுதிக்கொண்டிருந்தது. இன்னொன்று எழுதவில்லை. அது சின்னதாக இருந்தது. இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

தங்கை எங்கும் போய்விடவில்லை, இங்கேதான் இருக்கிறாள். உள்ளேன், உள்ளேன் என்று மருதி மெல்லச் சொல்லிப் பார்த்தாள். எத்தனை முறை சொன்னாலும் அந்த வார்த்தைக்குள் மருதிதான் உட்கார்ந்திருந்தாள். அதில் தும்பைக்கு இடமே இல்லை. அவளுக்காக யாரும் அதைச் சொல்ல முடியாது, அவளேதான் சொல்ல வேண்டும். பனியில் அம்மா, அப்பாவைக் கூப்பிட்டால் என்ன செய்வாள்? பதிலையும் அம்மாவேவா சொல்லிக்கொள்வாள்? காத்திருப்பாள். நான் கூப்பிடவும் இல்லை, காத்திருக்கவும் இல்லை என்று மருதி தன்னையே நொந்துகொண்டாள்.

வடிவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வடிவு நம்பவில்லை. அது மந்திரம், ராஜாவே சொன்னார் என்றாள். மருதி அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விசிறிக் கயிற்றின் நுனியில் வைத்தாள். அங்கே கயிறு மட்டும் இல்லை. கயிற்றைப் பிடித்தபடி சின்னதாக, சூடாக, கொப்புளம் கொப்புளமாக ஒரு கை இருந்தது.

வடிவு அன்று முழுக்க விசிறிக் காற்றில் உட்காரவில்லை. வெயிலில் போய் உட்கார்ந்துகொண்டு யோசித்தாள். சாயங்காலம் மருதியிடம் வந்தாள். கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டுமென்றால் வகுப்பு முதலில் நிற்க வேண்டும். பெயருக்கு மேல் பெயர், பதிலுக்கு மேல் பதில் என்று மைனா அடுக்கிக்கொண்டே போனால் நடுவில் ஒரு சின்னக் குரல் நுழைய வழி ஏது என்று கேட்டாள்.

“திருவிழா அன்னிக்கு நாங்க யாரும் பதில் சொல்லாம இருந்தா?”

“நீங்களும் மறைஞ்சிடுவீங்க வடிவு.”

“தெரியும்” என்றாள் வடிவு. எச்சிலை விழுங்கிக்கொண்டுதான் சொன்னாள். அவள் ஒன்றும் பெரிய வீராங்கனை இல்லை. ஆனால் அந்தக் கொப்புளம் அவள் உள்ளங்கையிலேயே தங்கிவிட்டது. ஒவ்வொரு பிள்ளையாகக் கூட்டிக்கொண்டு போய்க் கயிற்றைத் தொட வைத்தாள். குடத்தைத் தொட வைத்தாள். தொட்ட பிள்ளை எதுவும் அப்புறம் சிரிக்கவில்லை.

திருவிழா வந்தது. ராஜா நடுவில் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்தார். மேட்டுத்தெருப் பெற்றோர் பின்னால் உட்கார்ந்தார்கள். விசிறி ஆடியது, குடம் மிதந்தது, எல்லாரும் ஆகா ஆகா என்றார்கள். விழுந்த துடைப்பம் மட்டும் மூலையில் அப்படியே கிடந்தது. உஷ் வாத்தியார் மைனாவுக்குக் கண்ணைக் காட்டினார்.

வடிவு.

வடிவு பேசவில்லை. கையைக் கட்டிக்கொண்டாள், வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்பன்.

இன்பனும் கையைக் கட்டினான், வாயைப் பொத்தினான். சொல்லிக் கொடுத்தது அதுதானே.

தும்பை.

மருதி பதில் சொல்லவில்லை.

மைனா கூப்பிட்டுக்கொண்டே போனது. ஒரு பாயிலிருந்தும் ஒரு குரலும் வரவில்லை. கடைசியில் அது, பெயர் தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டது. அப்போது வடிவின் நிழல் வெளுத்தது. ரெட்டைச் சடை வெளுத்தது. அவள் சட்டையில் போட்ட பூ வேலை ஒவ்வொன்றாக மறைந்தது. இன்பன் இடுப்புவரை இல்லை. பாய் பாயாகப் பிள்ளைகள் பனியில் கரைந்தார்கள்.

பெற்றோர் அலறிக்கொண்டு எழுந்தார்கள். பருப்புக் கடைக்காரர் காற்றைத் துழாவி மகளைத் தேடினார். கண்ணில் படாத ஒன்று எப்படி உறுத்தும் என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. ராஜாவுக்குத் தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. அந்தக் களேபரத்தில் உஷ் வாத்தியாருக்கும் கை கால் ஓடவில்லை. சத்தம் கேட்டால் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு கையையும் உயர்த்தி, தம் வாழ்நாளிலேயே பெரிய உஷ் ஒன்று போட்டார்.

ஊரே அடங்கியது. பழக்க தோஷம் அவரைக் கவிழ்த்துவிட்டது. மருதிக்கு வேண்டியிருந்தது அந்த அமைதிதான், அதை அவரே அவள் கையில் கொடுத்துவிட்டார்.

மருதி எழுந்து நின்றாள். அவளும் கழுத்துவரை மறைந்திருந்தாள். குரல் நூலாக மெலிந்திருந்தது. அந்தக் குரலால், பனியில் படகைக் கூப்பிடுகிற மாதிரி நீட்டிக் கூப்பிட்டாள்.

“தும்பை…”

கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தாள். பெயர் பனிக்குள் மிதந்தது. தூணைச் சுற்றியது, சன்னல் பக்கம் போனது, திரும்பி வந்தது. வெளியே ஏரி கரையை நக்கிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. மருதியின் முகவாய் மறைந்தது. சொல்லிவிடலாமா, தங்கைக்காக இன்னொரு முறை சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் வாயும் மறைந்தது. இனி அவள் நினைத்தாலும் சொல்ல முடியாது. இரண்டு கண் மட்டும் பனியில் நின்று காத்துக்கொண்டிருந்தது.

தரையில் அந்தச் சின்ன நிழல் அசைந்தது. வாயைப் பொத்தியிருந்த இடது கை மெல்ல, ரொம்ப மெல்லக் கீழே இறங்கியது.

“உள்ளேன்.”

வெகுநாள் திறக்காத கதவு மாதிரி கரகரத்த குரல். அதில் ‘ஐயா’ இல்லை. நிழல் எழுந்து நின்றது, நிறம் வந்தது, எண்ணெய் காணாத தலையும் கிழிந்த பாவாடையுமாகத் தும்பை நின்றாள். அவள் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட, மருதியும் தலை முதல் கால்வரை திரும்பி வந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். மைனாவும் அழுதது, ஏன் என்று அதற்குத் தெரியாவிட்டாலும்.

அதற்குள் விசிறிக் கயிற்றின் பக்கம் வடிவின் குரல் கேட்டது. வடிவைக் காணோம், இன்னும் போகாமல் மிச்சமிருந்த குரல் மட்டும்தான். அந்தப் பள்ளிக்கூடத்தில் அதுவரை யாரும் கேட்காத கேள்வியை அவள் கேட்டாள்.

“உன் பேரு என்ன?”

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். ராஜா காத்திருந்தார், பெற்றோர் காத்திருந்தார்கள்.

“கொற்றி” என்றது கயிறு. “கொற்றி உள்ளேன்.”

“நீலன் உள்ளேன்” என்றது குடம். “செம்பி உள்ளேன்” என்றது ஈரத்துணி. ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரு பெயர் கிளம்பியது, ஒவ்வொரு பெயரின் பின்னாலும் ஒரு பிள்ளை வந்து நின்றது. குடம் கீழே இறங்கியது. விசிறி நின்றது. கடைசியாக வடிவும் இன்பனும் மற்றவர்களும் தங்கள் தங்கள் பெயரைச் சொல்லி, உள்ளேன் என்று சொல்லித் திரும்பி வந்தார்கள். அவர்களும் ‘ஐயா’வை விட்டுவிட்டார்கள்.

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். யாரும் குறை சொல்லவில்லையே என்று தான் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. மருதியின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகளையே கேட்டார்.

தும்பைக்கு அது போதுமே. அத்தனை நாள் அடக்கி வைத்த பேச்செல்லாம் மடை திறந்துகொண்டது. அவரவர் உட்கார்ந்த இடத்தை அவரவர் பெருக்கட்டும் என்றாள். பாயை யார் பக்கத்தில் விரிப்பது என்று பிள்ளைகள் முடிவு செய்யட்டும் என்றாள். காலையில் பெயரைக் கூப்பிட்டால் பதில் வரும்வரை காத்திருக்கட்டும் என்றாள். இன்னும் என்னென்னவோ சொன்னாள், தனக்குத் திருவிழாவில் விற்ற பொரி வேண்டும் என்பதும் அதில் ஒன்று. ராஜா எல்லாவற்றுக்கும் சரி என்றார். பொரியும் வந்தது.

மேட்டுத்தெருக்காரர்கள் எல்லாரும் அன்றைக்கே திருந்திவிட்டார்கள் என்று நான் சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். சிலர் தலை குனிந்தார்கள். சிலர் பிள்ளையைத் தரதரவென்று வீட்டுக்கு இழுத்தார்கள். ஆனால் பிள்ளைகள் மறுநாளும் வந்து கலந்துதான் உட்கார்ந்தார்கள். மறைந்து பார்த்தவர்களுக்கு மறைவது எப்படி இருக்கும் என்று தெரியும். அப்புறம் அவர்களை யாரும் நகர்த்த முடியவில்லை.

உஷ் வாத்தியார் என்ன ஆனார்? அந்தக் கூட்டத்தில் அவர் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது அல்லவா? மந்திரம் யாருக்கும் சலுகை காட்டாது. அவர் வெளுத்துக்கொண்டே போனார். கடைசியில் உயரத் தலைப்பாகை மட்டும் காற்றில் தொங்கியது. விட்டுவிடலாம் என்றார்கள் சில பிள்ளைகள். எனக்கும் அதே எண்ணம்தான் வந்திருக்கும். தும்பை மட்டும் பொரியை மென்றுகொண்டே தலைப்பாகையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“உங்க பேரு என்ன?”

அவர் பதில் சொல்ல வெகுநேரம் ஆனது. அவருக்கே மறந்துபோயிருந்தது போல. தும்பை பொறுமையாகக் காத்திருந்தாள். பொரி தீரும் சமயத்தில் தலைப்பாகைக்குள்ளிருந்து, “பஞ்சு… பஞ்சு உள்ளேன்” என்று கூச்சத்தோடு ஒரு குரல் வந்தது. தலைப்பாகையின் கீழே ஒரு சாதாரண மனிதர் நின்றார். அவருக்கு மந்திரம் எல்லாம் மறந்துவிட்டது. எழுத்து மட்டும் தெரிந்திருந்தது. பிள்ளைகள் முதலில் மூலையில் கிடந்த துடைப்பத்தை அவர் கையில் கொடுத்து, அவர் உட்காரும் இடத்தைக் காட்டினார்கள். பெருக்கி முடித்ததும் எழுத்துச் சொல்லித்தர விட்டார்கள்.

அன்று சாயங்காலம் கோரைக்கரையில் படகு வந்து நின்றது. காலடி வந்தது, காலடிக்கு மேலே தும்பையும் வந்தாள். அம்மா தட்டில் சோறும் மீனும் வைத்தாள். சோறு குறையக் குறையத் தும்பை பேசிக்கொண்டே இருந்தாள். அப்பா, வாயை மூடிக்கொண்டு சாப்பிடும்மா என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் விட்டுவிட்டார்.

அந்தப் பள்ளிக்கூடம் இன்னும் இருக்கிறதாம். அங்கே காலையில் பெயர் கூப்பிட்டு முடிக்கவே வெயில் ஏறிவிடுமாம். ஒவ்வொரு பெயரையும் சொல்லிவிட்டு மைனா அலகை மூடிக்கொண்டு காத்திருக்குமாம், எவ்வளவு சின்னக் குரலானாலும் வரட்டும் என்று.

கதை கரை சேர்ந்துவிட்டது, படகைக் கட்டிவிட்டேன். இவ்வளவு நேரம் நானேதான் பேசிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாயே, உன் பெயர் என்ன? அவசரமில்லை, மெல்லச் சொல். நான் காத்திருக்கிறேன்.